அறுபது வயதிலும் கட்ட முடிகிற மெடிக்கல் கார்டு: தோட்டத்துப் பட்டணத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தாமானுக்குக் (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அப்புறம் தோட்டமே கைமாறி, ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனபோது எல்லோரும் பட்டணத்துக்கு இறங்கிவிட்டோம். அப்பாவின் காப்புறுதிக் கடிதங்கள் மட்டும் இறங்கவில்லை. அவை பழைய தோட்ட ஆபீஸ் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. சந்தா கூடுகிறது என்று ஒரு கடிதம், பாலிசிக் கணக்கில் பணம் போதவில்லை என்று ஒன்று, பாலிசி காலாவதியாகிவிட்டது என்று கடைசியாக ஒன்று. பழைய கிராணி ஒருவர் ஒருநாள் மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது வயது 63. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பதினெட்டு வருடம் கட்டிய மெடிக்கல் கார்டு அது, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி.

நான் பட்டணத்தில் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் கதை தெருவில் பரவியதிலிருந்து, யாருக்குக் காப்புறுதிக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். நான் ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "எந்தக் கார்டு நல்ல கார்டு?" என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: அறுபது வயதில், சம்பளம் நின்ற பிறகு, இதை உங்களால் கட்ட முடியுமா? கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதல் படி: கையில் இருப்பதை எண்ணுங்கள்

கார்டு வாங்கும் முன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இன்றைக்கே நோய் வந்தால் எங்கிருந்து என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஏஜென்ட் காட்டும் வண்ணத்தாளில் இருந்து தொடங்கினால், ஏற்கெனவே இருப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் வருவது அரசாங்க ஆஸ்பத்திரி. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட். மூன்றாம் வகுப்பில் எத்தனை நாள் படுத்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டணம் 500 ரிங்கிட்டைத் தாண்டாது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் முடியாததை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நம் ஆட்கள் இன்னமும் அதை 'ஈப்போ ஜி.எச்.' (ஜெனரல் ஆஸ்பத்திரி) என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு மலிவாக வைத்தியம் கிடைக்கிற நாட்டில் காப்புறுதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் பார்த்தவரை மூன்று இடங்களில் இடிக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் உடனே பார்ப்பார்கள். முட்டி மாற்றுவது, பித்தப்பைக் கல் எடுப்பது போன்றவற்றுக்குத் தேதி தள்ளிப்போகும். அடுத்தது, உடம்புக்குள் வைக்கும் சாமான்கள். செயற்கை மூட்டு, இதய ஸ்டென்ட் போன்றவை அந்த 500-க்குள் வருவதில்லை, குடும்பமே வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். 'ஜி.எச். இருக்கு, பார்த்துக்கலாம்' என்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நாள் சம்பளக்காரருக்கு இரண்டு மாதம் படுக்கை என்பது ஆஸ்பத்திரி பில்லைவிடப் பெரிய அடி.

இரண்டாவது, சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலையிடத்தில் விபத்து, வேலைக்குப் போகும் வரும் வழியில் விபத்து, வேலையால் வந்த நோய் எல்லாம் அதில் வரும். செம்பனைக் குலை தோளில் விழுந்தாலும், அறுப்புக் கத்தி பட்டாலும் அங்கேதான் போக வேண்டும். வைத்தியச் செலவு போக, குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்றாகிவிட்டால் ஓய்வூதியம் உண்டு. தகுதியுள்ள சந்தாதாரருக்கு டயாலிசிஸ் உதவியும் உண்டு. ஆனால் வீட்டில் இருக்கும்போது வந்த பித்தப்பைக் கல்லுக்கு அது பணம் தராது.

மூன்றாவது பேக்கா பி40, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க மருத்துவ உதவித் திட்டம். நம் ஊரில் தகுதி இருந்தும் போகாதவர்களே அதிகம். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவித்தொகை வாங்குபவரும் அவருடைய கணவனோ மனைவியோ 40 வயதோ அதற்கு மேலோ இருந்தால் உடம்புப் பரிசோதனை இலவசம். தனியாக மனுப் போட வேண்டியதில்லை. அடையாளக் கார்டு எண்ணை வைத்துத் தகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும்போது தேவைப்படும் மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 ரிங்கிட் வரை, புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடித்தவருக்கு 1,000 ரிங்கிட், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை என்று அதில் உதவிகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஸ்டென்ட், மூட்டுக் கவலைக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

நான்காவது, ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.). 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் 15 விழுக்காடு போகும் செஜாத்ரா கணக்கில் இருந்து, பட்டியலில் உள்ள கடும் நோய்களுக்குப் பணம் எடுக்கலாம். முதுமைக்கு வைத்திருக்கும் பணம் என்பதால் இதைக் கடைசிக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வேலை செய்யும் பிள்ளைகளின் கம்பெனி காப்புறுதி. தொழிற்சாலையில் கொடுத்த கார்டில் அம்மா அப்பாவும் வருகிறார்களா, இல்லை மனைவி பிள்ளைகள் மட்டும்தானா என்று கேட்டு எழுதுங்கள். வேலையை விட்ட அன்றோடு அந்தக் கார்டு செத்துவிடும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எது மிச்சமாக நிற்கிறதோ, அந்த இடைவெளிக்குத்தான் காப்புறுதி. சிலருக்கு அது பெரிய இடைவெளி. பத்துப் பதினைந்து குடும்பக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சிலருக்கு அது கையளவுதான்.

ஒரு பில்லை வைத்துச் சொற்களைப் புரிந்துகொள்வோம்

பாலிசிப் புத்தகத்தில் உள்ள சொற்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பில்லில் வைத்துப் பார்ப்பது எளிது. ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை, மூன்று இரவு படுக்கை, மொத்தம் 18,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் போட்ட எண் இது.

கார்டில் 'ரூம் 150' என்று இருக்கிறது. அறையும் சாப்பாடும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 ரிங்கிட் வரை கம்பெனி தரும் என்று அர்த்தம். அந்த விலையில் அறை காலி இல்லை என்று 250 ரிங்கிட் அறையை எடுத்தீர்கள். மூன்று இரவுக்கு 300 ரிங்கிட்தானே என்று நினைப்போம். பல திட்டங்களில் தகுதிக்கு மேற்பட்ட அறைக்குப் போனால் மொத்தச் செலவிலும் 20 விழுக்காட்டை நீங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். 18,000-க்கு அது 3,600 ரிங்கிட். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஒரு வரி உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பங்குக் கட்டணம், 'கோ-பேமென்ட்'. பில்லில் இத்தனை விழுக்காடு உங்களுடையது என்பது இது. 5 விழுக்காடு என்றால் நம் பில்லில் 900 ரிங்கிட். 'டிடக்டிபள்' என்பது தொடக்கத்திலேயே நீங்கள் ஏற்கும் ஒரு குறிப்பிட்ட தொகை. 500 என்றால் முதல் 500 உங்களுடையது, மிச்சம் கம்பெனியுடையது. 2024 செப்டம்பர் 1 முதல், குறைந்தது 5 விழுக்காடு பங்கோ 500 ரிங்கிட் டிடக்டிபளோ உள்ள திட்டங்களையும் கம்பெனிகள் விற்பனைக்கு வைத்தாக வேண்டும் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. கட்டாயம் கம்பெனிக்குத்தான், எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். அப்படிப்பட்ட திட்டங்களில் அவசர சிகிச்சைக்கும், அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கும் வைத்தியத்துக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற கடும் நோய்களின் தொடர் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கிடையாது. சந்தாவும் குறைவு. நம் ஊர்க் கையிருப்புக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. 'முழுசும் கம்பெனியே கட்டும்' என்ற கார்டு கேட்க இனிக்கும், மாதாமாதம் கடிக்கும்.

வருட வரம்பு என்பது ஒரு வருடத்தில் கம்பெனி தரும் உச்சத் தொகை. சில பழைய திட்டங்களில் வாழ்நாள் வரம்பும் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கார்டு வெறும் பிளாஸ்டிக். ஏஜென்ட்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். ஒரு மில்லியன் என்று கேட்டதும் நமக்கும் கண் விரியும். ஒரு மில்லியனுக்குப் பக்கத்தில் என்ன சந்தா எழுதியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், இருமல் என்று கிளினிக்குக்குப் போனால் மெடிக்கல் கார்டு பொதுவாக உதவாது. வார்டில் படுத்தால், பகல் அறுவை (அன்றே வீடு திரும்பும் அறுவை) செய்தால், விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் அவசரச் சிகிச்சைக்குப் போனால், படுப்பதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குள் நடக்கும் பரிசோதனை, மருந்து என்றால் பெரும்பாலான கார்டுகள் ஏற்கும். வெறும் பரிசோதனைக்காகப் படுத்தால் ஏற்காது. பிரசவம், பல் வைத்தியம், அழகுச் சிகிச்சை, பிறவிக் குறைபாடு ஆகியவை வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியல் பாலிசியில் ஒன்றிரண்டு பக்கம்தான், அதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

எந்த வகை?

மெடிக்கல் கார்டு இரண்டு உருவத்தில் விற்கிறது. ஒன்று தனிக் கார்டு: மருத்துவக் காப்பு மட்டும், வயதுக்கு ஏற்ற சந்தா, கூடினால் கண்ணுக்குத் தெரிந்து கூடும். மற்றொன்று முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் காப்புறுதியில் ஒட்டிய கார்டு. தோட்டத்துப் பக்கம் அதிகம் விற்றது இந்த இரண்டாவது வகைதான். மாதம் ஒரே தொகை கட்டுகிறோம் என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு. நீங்கள் கட்டுவதில் ஒரு பங்கு முதலீட்டு யூனிட்டாகிறது, அந்த யூனிட்களை விற்றுத்தான் மருத்துவக் காப்பின் விலையை மாதாமாதம் எடுக்கிறார்கள். வயது ஏற ஏற அந்த விலையும் ஏறும். முப்பது வயதில் யூனிட் சேரும், அறுபதில் கரையும். முழுதாகக் கரைந்த மாதம், நீங்கள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், பாலிசி நின்றுபோகும்.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். வங்கியில் இருந்து மாதாமாதம் தானாகவே பணம் போய்க்கொண்டிருந்ததால் 'கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்' என்று இருந்துவிட்டோம். காப்பின் விலை கூடியபோது மாதத் தொகையையும் கூட்டியிருக்க வேண்டும். அதைச் சொன்ன கடிதம்தான் தோட்ட ஆபீஸில் கிடந்தது. பாலிசி விற்ற ஏஜென்ட் தொழிலை விட்டு எப்போதோ போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் யார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆகவே இந்த வகையை வாங்குவதானால் விலைப்பட்டியலில் 'எந்த வயது வரை தாங்கும்' என்று காட்டும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 80 வரை தாங்க மாதம் எவ்வளவு, 70 வரை என்றால் எவ்வளவு என்று இரண்டு கணக்கு போடச் சொல்லுங்கள். நம் சம்பளக்காரர்களுக்குத் தனிக் கார்டே தெளிவு என்பது என் எண்ணம். ஆயுள் காப்பும் வேண்டும் என்றால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

தக்காஃபுல் என்ற இஸ்லாமிய முறைக் காப்புறுதி முஸ்லிம்களுக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். பங்கேற்பாளர்கள் நன்கொடையாகப் போடும் பொது நிதியில் இருந்து உரிமைத் தொகை (கிளெய்ம் பணம்) கொடுப்பது அதன் முறை. கார்டு வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடும்நோய்க் காப்புறுதி என்பது வேறு சரக்கு. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் போல, பாலிசிப் பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்று, பாலிசி சொல்லும் கடுமையில் வந்துவிட்டால், ஒரு மொத்தத் தொகை கையில் கிடைக்கும். ஆஸ்பத்திரி பில்லோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். வைத்தியத்துக்கு ஜி.எச்., குடும்பச் செலவுக்கு இந்தத் தொகை என்று திட்டமிடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மோசமான திட்டம் என்று சொல்லமாட்டேன். சேமநிதியின் ஐ-லிண்டுங் என்ற திட்டத்தின் வழியாக, செஜாத்ரா கணக்கில் இருந்தே இந்த மாதிரிக் காப்பை வாங்கவும் முடியும்.

கட்டுப்படியாகும் சந்தாவைக் கண்டுபிடிப்பது

விவரத்தாளில், அதாவது பி.டி.எஸ். என்று சொல்வதில், வயதுவாரியாகச் சந்தா அட்டவணை இருக்கும். மலாய் மொழியிலும் கேட்டு வாங்கலாம். ஏஜென்ட் இன்றைய வயதின் வரியில் விரல் வைப்பார். நீங்கள் அட்டவணையில் கீழே போய் 61-65 வரியில் விரல் வையுங்கள். அந்தத் தொகையையும், ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் கணவன் மனைவி இருவருக்கும் பெரிய கார்டு எடுத்தால், இன்று கட்ட முடிந்தாலும் அந்த 61-65 வரியில் நிச்சயம் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த அட்டவணையும் கல்லில் செதுக்கியது இல்லை. பாலிசியைப் புதுப்பிப்பது உறுதி என்று எழுதியிருப்பார்கள். சந்தா உறுதி என்று எழுதியிருக்காது. மருத்துவச் செலவு கூடும்போது அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து உயர்த்துவார்கள். ஆகவே அட்டவணையில் காணும் தொகையே மூச்சு முட்டுகிறது என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள்: அறைத் தகுதியைக் குறைக்கலாம், டிடக்டிபளைக் கூட்டலாம். பிள்ளையின் கம்பெனிக் கார்டு முதல் சில ஆயிரத்தைத் தாங்கும் என்றால், பெரிய டிடக்டிபள் உள்ள கார்டு மிக மலிவாகக் கிடைக்கும்.

குடும்பத்தில் யாருக்கு முதலில் என்று கேட்டால், சம்பாதிப்பவருக்கு என்பேன். நாம் எப்போதும் பிள்ளைக்குத்தான் முதலில் எடுக்கிறோம். பிள்ளையின் சந்தாவைக் கட்டுவது அப்பனின் சம்பளம். அவன் படுத்துவிட்டால் எல்லாக் கார்டும் நின்றுவிடும்.

ஒரு திட்டத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு ரொக்கம் என்று ஒரு சலுகை இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்டுகளில் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் டெங்கிக்கு ஜி.எச்.-இல் படுத்திருந்துவிட்டு, பில் கட்டியதைவிட அதிகமாக வாங்கிவந்தார்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் கல்வி, மருத்துவக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து 4,000 ரிங்கிட் வரை வரிச் சலுகை. வரியே கட்டாதவருக்கு இதனால் பயன் இல்லை. விற்பவர் இதைச் சொல்லி அவசரப்படுத்தினால் மயங்க வேண்டாம்.

மனுப் பாரத்தில் உண்மை

பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். பாரம் நிரப்பிய ஏஜென்ட், "அதெல்லாம் எழுத வேணாங்கா, சின்ன விஷயம், எழுதுனா இழுத்துக்கிட்டே போகும்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து நெஞ்சுவலி என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, கம்பெனி முதலில் கேட்டது கிளினிக் பதிவுகளைத்தான். மாத்திரை எழுதிய தேதி பாலிசித் தேதிக்கு முந்தியது. பணம் வரவில்லை. ஏஜென்ட் சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இல்லை, கையெழுத்து அக்காவுடையது.

2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுப்பது வாங்குபவரின் கடமை. தவறு நேர்ந்தால் அது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா, அறியாமல் நடந்ததா என்று பிரித்துப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே மறைத்தது என்றால் பாலிசியையே செல்லாததாக்க முடியும். ஆகவே பாரத்தை ஏஜென்ட் டேப்லெட்டில் தட்டினாலும், கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் ஒன்று சந்தா கொஞ்சம் கூடும், இல்லை அந்த நோயை மட்டும் விலக்குவார்கள், இல்லை மறுப்பார்கள். மறுத்தால்கூட, வருடக்கணக்கில் கட்டி ஏமாறுவதைவிட அது மேல்.

'அப்படியானால் கார்டு எடுக்கும்வரை பரிசோதனைக்கே போகாமல் இருக்கலாமா?' என்று ஒரு தம்பி கேட்டான். புத்திசாலித்தனமாகத்தான் கேட்டான். ஆனால் இனிப்புநீர் நமக்காகக் காத்திருக்காது. பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், கார்டு எடுப்பதைத்தான் முந்திக்கொள்ள வேண்டும், இருபது முப்பது வயதில், உடம்பு சுத்தமாக இருக்கும்போது.

கையெழுத்துக்குப் பிறகு

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று காப்புறுதிச் சங்கத்தின் இணையப் பக்கத்திலும், கம்பெனி உரிமம் பெற்றதா என்று பேங்க் நெகாராவின் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கம்பெனிக்கு நேரடியாகக் கட்டுங்கள். கோயில் கூட்டாளி, பள்ளித் தோழன் என்று ரொக்கத்தைக் கையில் கொடுப்பது நம்மிடையே இன்னும் இருக்கிறது.

பாலிசி கைக்கு வந்த நாளில் இருந்து 15 நாள் வரை யோசிக்க அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவைக் கழித்துக்கொண்டு சந்தாவைத் தருவார்கள். இந்த 15 நாளில்தான் விலக்குப் பட்டியலையும் அறை விதியையும் படிக்க வேண்டும். பிறகு படிப்பது வெறும் அறிவு வளர்ச்சி.

காத்திருப்புக் காலத்தைத் தெரியாமல் சண்டை போடுபவர்கள் அதிகம். விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காப்பு இல்லை. ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இதய நோய், கட்டிகள், புற்றுநோய், சிறுநீரக, பித்தப்பைக் கற்கள், குடலிறக்கம், மூலம், காது மூக்கு தொண்டைப் பிரச்சினை, முதுகெலும்பு, முட்டி போன்ற 'குறிப்பிட்ட நோய்'களுக்கு முதல் 120 நாள் காப்பு இல்லை.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. 'அண்ணே, பழைய பாலிசிய நிறுத்திட்டு இதுக்கு மாறிடுங்க, இது புதுசு' என்று யாராவது வந்தால், மாறிய நாளில் இருந்து அந்த 30 நாளும் 120 நாளும் புதிதாகத் தொடங்கும். பழைய கார்டு எடுத்த பிறகு வந்த நோய்கள் எல்லாம், புதிய கார்டுக்கு 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். மாறத்தான் வேண்டுமென்றால் புதியது ஏற்கப்பட்டு, காத்திருப்புக் காலமும் முடியும்வரை பழையதை விடாதீர்கள். சில மாதம் இரட்டைச் சந்தா வலிக்கும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில்

தனியார் ஆஸ்பத்திரியில் கார்டைக் காட்டியதும் அவர்கள் கம்பெனிக்கு எழுதி உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். 'ஜி.எல்.' வந்துவிட்டதா என்று கவுண்டரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். அது வர நேரமாகலாம், வராமலும் போகலாம். பாலிசி எடுத்து அதிக நாள் ஆகவில்லை என்றால் விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். அப்படியானால் முன்பணம் கட்டிச் சேர்ந்து, பிறகு பில்லையும் மருத்துவர் அறிக்கையையும் அனுப்பிப் பணத்தைக் கேட்க வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் ஒரு வாரம் முன்பே ஜி.எல்.-க்கு எழுதச் சொல்லுங்கள். போகும் ஆஸ்பத்திரி கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளியேறும்போது பொருள்வாரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனிதானே கட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வருட வரம்பில் இருந்துதான் அது கழிகிறது.

நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் கார்டைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அவசரப் பிரிவில் முதலில் பார்த்து நிலைப்படுத்தட்டும், எங்கே மாற்றுவது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

சந்தா உயரும் கடிதம் வந்தால்

போன வருடம் மாமா ஒருவர் கடிதத்தோடு வந்தார். "தம்பி, இத பாரு. நான் ஒரு நாள்கூட எங்கியும் படுத்ததில்ல. எனக்கு ஏன் கூட்டுறான்?" அவர் படுக்காததுதான் அவருக்கு எரிச்சல். சந்தா எல்லாம் ஒரே பானையில் விழுகிறது; படுத்தவர்களின் பில் கூடினால் படுக்காதவரும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. பேங்க் நெகாரா வெளியிட்ட கணக்கில், 2021 முதல் 2023 வரை மருத்துவ உரிமைக் கோரல்களின் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியது, வசூலான சந்தா ஏறியதோ 21 விழுக்காடு. அந்த இடைவெளிதான் 2024-இல் கடிதங்களாக வந்து எல்லோரையும் கலக்கியது. அந்த டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. 2026 முடிவு வரை, உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போட வேண்டும் என்றும், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் தம் திட்டத்தின் மிகக் குறைந்த நிலையில் இருந்தால் அவருக்கு ஒரு வருடம் உயர்வை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் சொன்னது.

கடிதம் வந்ததும் கோபத்தில் பாலிசியை வெட்டிவிடாதீர்கள். கம்பெனியைக் கூப்பிட்டு இதே பாலிசியில் கீழ் நிலைக்கு இறங்க முடியுமா, டிடக்டிபள் சேர்க்க முடியுமா, சேர்த்தால் சந்தா எவ்வளவு, காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாமா அப்படித்தான் டிடக்டிபள் சேர்த்து, பழைய சந்தாவுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். அந்த டிடக்டிபள் தொகையைக் கூட்டுறவு வங்கியில் தனியாகப் போட்டுவைத்திருக்கிறார், தீபாவளிக்குக்கூட அதைத் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

உரிமைத் தொகையை மறுத்துவிட்டார்கள், நியாயமில்லை என்று தோன்றினால், முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதிப் பதிலை வாங்குங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்குள், நிதிச் சந்தைகளின் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-க்குப் போகலாம். முன்பு இந்த வேலையைப் பார்த்த ஓ.எஃப்.எஸ். 2025 ஜனவரி 1 முதல் இதற்குள் இணைந்துவிட்டது. 250,000 ரிங்கிட் வரையான காப்புறுதி வழக்கை ஏற்பார்கள், நமக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

முகவரி

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரு காரியம் செய்வதென்றால், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு உங்கள் பாலிசியில் எந்த முகவரி, எந்தக் கைத்தொலைபேசி எண் இருக்கிறது என்று கேளுங்கள். தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கே பழைய டிவிஷன் பெயரும், நின்றுபோன எண்ணும்தான் இருக்கும். பிள்ளைகளில் ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பாலிசி எண், கம்பெனியின் பெயர், 24 மணி நேர எண், யாருக்கு என்ன விலக்கு என்பதை ஒரு தாளில் எழுதிப் பீரோவின் உள்கதவில் ஒட்டிவையுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளில் அப்பாவின் பெயருக்கு எதிரே 'பேக்கா பி40, ஜி.எச்., கிளினிக் நீலப் புத்தகம் மேல் தட்டில்' என்று மட்டும் இருக்கிறது.